ஹன்னா மொன்டானா படம் பிள்ளைகளுக்கு நல்ல செய்தி சொல்கிறதா? பத்து வயது மகளுக்குக் காட்டலாமா?

கேள்வி கேட்டவர் சொல்வது 2009-இல் வந்த டிஸ்னி படத்தை. பகலில் சாதாரணப் பள்ளி மாணவி, மேடை ஏறினால் நாடறிந்த பாப் பாடகி, இரண்டும் ஒரே பெண் என்பது ஊருக்குத் தெரியாது. இதைப் பார்த்து "பொய் சொன்னாலும் பரவாயில்லை, புகழ் வந்தால் போதும்" என்று மகள் நினைத்துவிடுவாளோ என்பது அவர் கவலை.

காட்டலாம். அமெரிக்காவில் எல்லா வயதினரும் பார்க்கலாம் என்று 'ஜி' சான்று வாங்கிய படம். கெட்ட வார்த்தை இல்லை, முகம் திருப்பிக்கொள்ளும் காட்சி இல்லை. ஆனால் செய்தி நல்லதா என்றால் ஒரே வார்த்தையில் ஆமாம் போட மனம் வரவில்லை. படத்தின் பெரும்பகுதி நல்லதைத்தான் சொல்கிறது. கடைசிப் பத்து நிமிடத்தில் சொன்னதைத் தானே திரும்ப வாங்கிக்கொள்கிறது.

இந்தப் படத்தை நான் இரண்டு முறை பார்த்திருக்கிறேன். முதல் முறை கல்லூரி விடுதியில், அறைத்தோழியின் லேப்டாப்பில், கிண்டல் செய்துகொண்டே. இரண்டாவது முறை போன மே மாதம், விடுமுறைக்கு வந்து தங்கியிருந்த அக்கா மகளோடு. அவளுக்குப் பதினொன்று. உப்பும் மிளகாய்ப்பொடியும் போட்ட மாங்காய்த் துண்டுகளோடு சோபாவில் சாய்ந்தவள், பாதிக்கு மேல் மாங்காயை மறந்துவிட்டாள். நான் எழுதப்போவதில் பாதி அவள் சொன்னது.

கதை தெரியாதவர்களுக்காகச் சுருக்கமாக. மைலி ஸ்டூவர்ட் என்ற பெண் பொன்னிற விக் ஒன்றை மாட்டினால் ஹன்னா மொன்டானா. (விக் மாட்டினால் எப்படி அடையாளம் தெரியாமல் போகும் என்று கேட்காதீர்கள். கன்னத்தில் ஒரு மச்சம் ஒட்டிக்கொண்டு வந்தால் வில்லனுக்கே ஆள் தெரியாமல் போகும் படங்களைப் பார்த்து வளர்ந்தவர்கள் நாம்.) புகழ் மெல்ல மெல்லத் தலைக்கு ஏறுகிறது. ஒரு ஜோடிச் செருப்புக்காகக் கடையில் பிரபல மாடல் டைரா பேங்க்ஸுடன் மல்லுக்கட்டுகிறாள். அண்ணன் கல்லூரிக்குக் கிளம்புகிற நாளை மறந்துபோகிறாள். அப்புறம் உயிர்த்தோழி லில்லியின் பதினாறாவது பிறந்தநாளுக்கு மைலியாகப் போகாமல் ஹன்னாவாகப் போய் நிற்கிறாள். வந்த கூட்டமெல்லாம் பிறந்தநாள்காரியை விட்டுவிட்டு ஹன்னாவைச் சூழ்ந்துகொள்கிறது.

இந்த இடத்தில்தான் அக்கா மகள் ரிமோட்டை எடுத்து நிறுத்தினாள்.

"சித்தி, அவ வேணும்னேவா பண்ணினா?"

"இல்லடி, நேரமாயிடுச்சு, உடை மாத்த முடியல."

"அப்ப பாட்டு பாடாம ஓரமா நின்னிருக்கலாம்ல?"

நான் பதில் சொல்லவில்லை. சொல்ல ஒன்றும் இல்லை. படத்தில் மைலியின் அப்பா அரைமணி நேரம் எடுத்துக்கொண்டு புரிய வைக்கப் பார்ப்பதை இவள் ஒரு வரியில் சொல்லிவிட்டாள். திறமை இருப்பது தப்பில்லை, புகழ் வருவதும் தப்பில்லை. அடுத்தவர் நாளில் அதை எடுத்துப் பரப்பிவைக்காமல் இருக்கத் தெரிய வேண்டும். 'புகழ் கெட்டது' என்று மொட்டையாகச் சொல்லாமல், அது யாரிடமிருந்து எதைப் பிடுங்குகிறது என்று இவ்வளவு துல்லியமாகக் காட்டுவது இந்த வகைப் படங்களில் அபூர்வம். என்னைக் கேட்டால் இந்தப் படத்தில் பிள்ளைகள் பார்க்க வேண்டிய காட்சி இதுதான்.

அடுத்து அப்பா ஒரு வேலை செய்கிறார். நியூயார்க்கில் விருது விழாவுக்குப் போகிறோம் என்று மகள் நினைத்துக்கொண்டிருக்க, தனி விமானம் டென்னசியில் போய் இறங்குகிறது. க்ராலி கார்னர்ஸ் என்ற கற்பனைச் சிற்றூர், பாட்டியின் பண்ணை வீடு, பாட்டியின் பிறந்தநாள். பாட்டியாக வரும் மார்கோ மார்ட்டின்டேல் பேத்தியிடம் கொஞ்சிக் குழைவதில்லை, அதனாலேயே பிடித்துப்போகிறது. கிராமம் என்றால் நல்லது, நகரம் என்றால் கெட்டது என்ற பழைய பாட்டுத்தான். அங்கே ஒரு மால் கட்ட வரும் பணக்காரர், ஊரைக் காப்பாற்ற நிதி திரட்டும் மக்கள் எல்லாம் உண்டு. அதைப்பற்றி எழுத ஒன்றுமில்லை.

பொய் எப்படிக் குட்டி போடும் என்பதைக் காட்டும் நடுப்பகுதி மட்டும் நன்றாக வந்திருக்கிறது. ஹன்னாவைத் தனக்குத் தெரியும் என்று மைலி சொல்லிவைக்க, அவளை அழைத்து வந்து கச்சேரி வைத்தால் நிதி சேருமே என்று ஊர் பிடித்துக்கொள்கிறது. ஒரே நேரத்தில் ஹன்னாவாக மேயருடன் விருந்து, மைலியாக டிராவிஸ் என்ற பையனுடன் சந்திப்பு. சுழல்கதவு வழியாக விக்கை மாட்டுவதும் கழற்றுவதுமாக ஓடுகிறாள். குழந்தைகள் விழுந்து விழுந்து சிரிக்கும் காட்சி. சிரிப்பு அடங்குவதற்குள் டிராவிஸ் பார்த்துவிடுகிறான், முகம் மாறுகிறது. இன்னொரு பக்கம் அப்பாவுக்கும் அந்த ஊரில் ஒரு பெண்ணைப் பிடித்திருக்கிறது. ஆனால் தன் வீட்டு ரகசியத்துக்குள் இன்னொருவரை எப்படிக் கூட்டி வருவது என்று அவர் பின்வாங்குகிறார். மகளின் பொய்க்கு அப்பாவும் விலை கொடுக்கிறார். பெரியவர்களுக்கான படங்களே யோசிக்காத இடம் இது.

அக்கா மகளைக் கடுப்பாக்கியது வேறொன்று. ஊருக்கு முன்னால் மைலியும் ஹன்னாவும் ஒரே சமயத்தில் நிற்க வேண்டியிருப்பதால், பிறந்தநாளைப் பறிகொடுத்த அதே லில்லி விக் மாட்டிக்கொண்டு ஹன்னாவாக வந்து உதவுகிறாள். "இவளுக்கு வேற வேலையே இல்லையா சித்தி?" என்றாள். நியாயமான கேள்வி. நாயகியின் தோழி எல்லாவற்றையும் மன்னித்து உதவி செய்துகொண்டே இருப்பாள், அவளுக்கென்று ஒரு கதை கிடையாது. இந்தப் படத்தில் தப்பான செய்தி ஒன்று ஒளிந்திருக்கிறது என்றால் அது இரட்டை வாழ்க்கையில் இல்லை, இந்தத் தோழியிடம்தான் இருக்கிறது என்பேன். உங்கள் மகளிடம் படத்தைப் பற்றிப் பேசப்போகிறீர்கள் என்றால் லில்லியிலிருந்து தொடங்குங்கள்.

சரி, அந்தக் கடைசிப் பத்து நிமிடம். மேடையில் பாதியில் நிறுத்தி, விக்கைக் கழற்றி, நான்தான் மைலி என்று ஊரின் முன்னால் ஒப்புக்கொள்கிறாள். 'தி கிளைம்ப்' பாட்டைப் பாடுகிறாள். உச்சியை அடைவதைவிட ஏறுவதுதான் முக்கியம் என்பது பாட்டின் பொருள். இங்கேயே படம் முடிந்திருந்தால் உங்கள் கேள்விக்கு ஆமாம் என்று எழுதிவிட்டுப் போயிருப்பேன். முடியவில்லை. கூட்டத்திலிருந்து ஒரு சின்னப் பெண் ஹன்னாவாகவே இருக்கச் சொல்லிக் கெஞ்சுகிறாள். ரகசியத்தைக் காப்போம் என்று ஊரே சொல்கிறது. ரகசியத்தை அம்பலப்படுத்த வந்த பத்திரிகைக்காரர்கூட, தன் மகள்கள் ஹன்னாவின் ரசிகைகள் என்பதால் விட்டுக்கொடுக்கிறார். விக் மறுபடி தலைக்கு ஏறுகிறது. கொண்டாட்டம்.

அதுவரை படம் சொன்னது, பொய்யோடு வாழ்வது உன்னையும் உன்னைச் சுற்றி இருப்பவர்களையும் தின்னும் என்று. முடிவில் சொல்வது, எல்லோரும் சேர்ந்து காப்பாற்றினால் அந்தப் பொய் பரவாயில்லை என்று.

ஏன் இப்படி? கதைக்குள் தேடினால் காரணம் கிடைக்காது. இந்தப் படம் இதே பெயரில் வந்த ஒரு தொலைக்காட்சித் தொடரிலிருந்து பிறந்தது. டிஸ்னி சேனலில் அந்தத் தொடர் 2006 மார்ச்சில் தொடங்கியது. படம் திரைக்கு வந்த 2009 ஏப்ரலில் மூன்றாவது சீசன் ஓடிக்கொண்டிருந்தது. திரைப்படத்தில் ரகசியம் உடைந்தால் தொலைக்காட்சியில் திங்கட்கிழமை என்ன காட்டுவது? கடைகளில் தொங்கும் ஹன்னா விக், பொம்மை, பள்ளிப்பை எல்லாவற்றையும் யார் வாங்குவது? ஊர்மக்கள் கெஞ்சுகிற மாதிரிதான் காட்சி, உண்மையில் கெஞ்சுவது கம்பெனி. தொடரில் அவள் ஜே லெனோவின் தொலைக்காட்சிப் பேட்டி நிகழ்ச்சியில் விக்கைக் கழற்றி உண்மையைச் சொன்னது 2010 கடைசியில், தொடர் முடியப்போகிற கட்டத்தில். 2011 ஜனவரியில் வந்த இறுதி அத்தியாயத்தில், பாரிஸில் கிடைத்த சினிமா வாய்ப்பை விட்டுவிட்டு லில்லியுடன் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் படிக்க வந்துவிடுகிறாள். படம் சொல்ல வாயெடுத்து விழுங்கியதை, விற்பதற்கு இனி எதுவும் இல்லை என்றானபோது தொடர் சொல்லி முடித்தது. நேரம் இருந்தால் அந்த இரண்டு அத்தியாயங்களையும் மகளுக்குக் காட்டிவிடுங்கள், கதை முழுசாகும்.

'தி கிளைம்ப்' பாட்டுக்கும் ஒரு கதை இருக்கிறது. படத்தின் செய்தி முழுவதையும் சுமக்கிற அந்தப் பாட்டு படத்துக்காக எழுதப்பட்டதே இல்லை. திரைப்படப் பாடல் பிரிவில் கிராமி பரிந்துரை கிடைத்தபோது, படத்துக்கென்றே எழுதிய பாட்டு இல்லை என்பதால் அதைத் திரும்பப் பெற வேண்டியதாயிற்று. அதனால் பாட்டு ஒன்றும் கெட்டுவிடவில்லை, எனக்கு இன்றும் பிடிக்கும்.

பலரும் உண்மையில் கேட்பது படத்தைப் பற்றி இல்லை என்பதும் தெரியும். "அந்தப் பெண் பிற்பாடு எப்படி ஆனாள் பார்த்தீர்களா, அவள் படத்தையா பிள்ளைக்குக் காட்டுவது?" இதே கேள்வியின் கீழ் இரண்டு பேர் அப்படியே எழுதியிருக்கிறார்கள். மைலியாக நடித்த மைலி சைரஸ் 2013 எம்டிவி விருது மேடையில் சர்ச்சையாகும்படி ஆடியதைத்தான் சொல்கிறார்கள். அப்போது அவருக்கு இருபது வயது. பத்து வயதுப் பெண்ணுக்குக் காட்டப்போவது அந்த மேடையை இல்லையே. அதைவிட, 2008-இல் நடந்ததைச் சொல்ல வேண்டும். வேனிட்டி ஃபேர் இதழுக்காக ஆனி லீபோவிட்ஸ் எடுத்த புகைப்படத்தில் மைலியின் முதுகு தெரிகிறது என்று பெரிய ரகளை. பதினைந்து வயதுப் பெண் ரசிகைகளிடம் மன்னிப்புக் கேட்டார். படம் எடுத்தவர், இதழை நடத்தியவர், அச்சிட்டு விற்றவர் எல்லோரும் பெரியவர்கள், மன்னிப்புக் கேட்கும்படி ஆனது அந்தக் குழந்தைக்கு. பத்து வருடம் கழித்து அந்த மன்னிப்பை அவரே திரும்பப் பெற்றுக்கொண்டார், அதுவும் அச்சில் ஏற்ற முடியாத வார்த்தையோடு. எனக்குச் சிரிப்பும் வந்தது, சரிதான் என்றும் பட்டது.

படத்தில் அப்பாவாக வரும் பில்லி ரே சைரஸ் நிஜத்திலும் மைலி சைரஸின் அப்பா. நாயகிக்கு முதலில் வேறு பெயர் வைத்திருந்தார்கள், மைலி சைரஸ் நடிக்க வந்த பிறகு மைலி என்று மாற்றினார்கள். நிஜ அப்பா, நிஜப் பெயர், அதன்மேல் ஒரு விக். படத்து அப்பா மகளின் கண்ணில் புகழின் வெறி தெரிந்ததும் விமானத்தையே ஊர்ப்பக்கம் திருப்பிவிடுகிறார். நிஜ அப்பா 2011-இல் ஜிக்யூ இதழுக்குக் கொடுத்த பேட்டியில், அந்தத் தொடர் தன் குடும்பத்தையே அழித்துவிட்டது, முடிந்தால் எல்லாவற்றையும் அழித்துப் பழையபடி ஆக்கிவிடுவேன் என்ற பொருளில் சொன்னார். அதைப் படித்த பிறகு அந்த விமானக் காட்சியை என்னால் சாதாரணமாகப் பார்க்க முடியவில்லை. அக்கா மகளுக்கு இதெல்லாம் தெரியாது. அவளுக்கு விமானம் தப்பான ஊரில் இறங்கியது, மைலி கத்தினாள், அவ்வளவுதான் வேடிக்கை.

ஆகவே உங்கள் மகளோடு சேர்ந்து உட்கார்ந்து பாருங்கள். நடுவில் நிறுத்திப் பாடம் நடத்த வேண்டாம், அவளாக ரிமோட்டை எடுத்தால் பதில் சொல்லுங்கள். முடிவில் விக் திரும்ப ஏறும்போது "இது உனக்கு ஓகேவா?" என்று மட்டும் கேட்டுப்பாருங்கள். நான் கேட்டபோது அக்கா மகள் கொஞ்சம் யோசித்து, "எல்லாருக்கும் தெரிஞ்ச அப்புறம் அது எப்படி ரகசியம்?" என்றாள். அப்புறம் மாங்காய்த் தட்டைத் தேடினாள்.

ஒரு எச்சரிக்கை உண்டு, செய்தி சம்பந்தப்பட்டதில்லை. படத்தில் 'ஹோடவுன் த்ரோடவுன்' என்று ஒரு ஆட்டம் வருகிறது, ஒவ்வொரு அசைவையும் சொல்லிச் சொல்லியே ஆடுவது. ஊர் திரும்பியதும் இவள் முதலில் பொன்னிற விக் வேண்டும் என்று கேட்டிருக்கிறாள். அக்கா எனக்குப் போன் போட்டுத் திட்டினாள். விக் வாங்கித் தரவில்லை. ஆட்டம் மட்டும் தினமும் சாயங்காலம் நடக்கிறதாம். கீழ்வீட்டுக்காரர் இரண்டு முறை மாடியேறி வந்து என்ன சத்தம் என்று கேட்டுவிட்டுப் போயிருக்கிறார்.