கனடா ஜூனியர் ஐஸ் ஹாக்கி லீக்கில் ஒரு சீசன் எப்படி நடக்கிறது?

கனடாவின் உயர்மட்ட ஜூனியர் ஹாக்கியில் ஒன்டாரியோ, மேற்கு, கியூபெக் என மூன்று லீக்குகள். ஆடுபவர்கள் பெரும்பாலும் 16 முதல் 20 வயதுக்காரர்கள். ஒன்டாரியோவை எடுத்துக்கொள்வோம்: செப்டம்பரில் தொடங்கி மார்ச் வரை ஒவ்வொரு அணிக்கும் 68 ஆட்டங்கள். பள்ளிப் படிப்பு, நீண்ட பேருந்துப் பயணம் இரண்டுக்கும் நடுவே இத்தனை ஆட்டங்கள் என்பது சாதாரண விஷயமில்லை.

வென்றால் 2 புள்ளி. கூடுதல் நேரத்தில் தோற்றாலும் 1 புள்ளி உண்டு. டிசம்பர் கடைசியில், நாடுகள் மோதும் உலக ஜூனியர் போட்டிக்குச் சிறந்த வீரர்கள் போய்விடுவார்கள். அணியின் உண்மையான ஆழம் அப்போதுதான் தெரியும் என்பேன்.

அப்புறம் பிளேஆஃப், அதாவது தோற்றால் வெளியேற வேண்டிய சுற்றுகள். 20 அணிகளில் 16 நுழையும். நான்கு சுற்றுகள், ஒவ்வொன்றிலும் நான்கு ஆட்டங்களை முதலில் வெல்பவரே முன்னேறுவார்.

மூன்று லீக் சாம்பியன்களும், போட்டியை நடத்தும் ஊரின் அணியும் மெமோரியல் கோப்பைக்கு மோதும். முதல் உலகப் போரில் இறந்த கனடிய வீரர்களின் நினைவாக 1919-இல் தொடங்கிய கோப்பை இது. நடத்தும் அணிக்குச் சும்மா இடம் கொடுப்பது சரியா என்று சிலர் கேட்பார்கள். 2024-இல் ஒன்டாரியோவின் லண்டன் நகர அணியான லண்டன் நைட்ஸிடம் லீக் பிளேஆஃபில் தோற்ற, அந்த ஆண்டு போட்டியை நடத்திய சாகினா ஸ்பிரிட் (அமெரிக்காவின் சாகினா நகர அணி), சொந்த ஊரில் அதே லண்டனை இறுதியில் 4-3 என வென்று கோப்பையைத் தூக்கியது!