புக்மார்க் போட்டு வச்சா மட்டும் ஏறாதுங்க: அறிவியல், டெக் சைட்கள் பத்தி சில கேள்விகள்

இந்த தடவை வந்த கேள்விகள்ல பாதி "நல்ல சைட் லிஸ்ட் குடுங்க"ன்னு தான் இருந்துச்சு. லிஸ்ட் குடுக்கறது ஈசி, ஆனா என் பிரவுசர்லயே ஒரு தடவை கூட திறக்காத புக்மார்க் எக்கச்சக்கமா தூங்குது. அதனால நானே உக்காந்து நோண்டிப் பார்த்ததை மட்டும் சொல்றேன்.

கேள்வி: ஸ்கூல்ல பிசிக்ஸ்னாலே ஓடுவேன். இப்போ வயசு நாப்பதுக்கு மேல, திரும்ப கத்துக்க ஆசை. எங்க ஆரம்பிக்கறது?

ஃபெட்ல ஆரம்பிங்க. பி ஹெச் இ டி-ன்னு எழுத்துக்கூட்டி தேடினா வரும். கொலராடோ போல்டர் பல்கலைக்கழகம் நடத்துறது, 2002-ல இதை ஆரம்பிச்ச கார்ல் வீமன் அதுக்கு முந்தின வருஷம் தான் பிசிக்ஸ் நோபல் வாங்கியிருந்தார். இங்க சும்மா பார்த்துட்டு இருக்கற வேலையே இல்ல, எல்லாம் நாமளே ஆட்டிப் பார்க்கற சிமுலேஷன், தமிழ்லயும் சிலது இருக்கு. சர்க்யூட் சிமுலேஷனை எடுத்துக்கோங்க, பேட்டரி பல்பு ஒயர் எல்லாத்தையும் இழுத்து ஒட்டலாம், ஷார்ட் ஆச்சுன்னா ஸ்கிரீன்லயே தீப்பிடிக்கும், நிஜத்துல செய்யக்கூடாததை இங்க பயமில்லாம நூறு தடவை செய்யலாம்.

ஒரே ஒரு கண்டிஷன். ஸ்விட்சைப் போடறதுக்கு முன்னாடி என்ன ஆகும்னு ஒரு பேப்பர்ல எழுதிடுங்க. ரெண்டு பல்பை தொடரா மாட்டினா வெளிச்சம் என்ன ஆகும், பக்க இணைப்புல மாட்டினா என்ன ஆகும்? ரெண்டுலயுமே குறையும்னு நான் எழுதினேன், பக்க இணைப்புல ரெண்டு பல்பும் ஜம்முனு எரிஞ்சுது. அந்த தப்பு தான் இன்னிக்கு வரைக்கும் மறக்காம நிக்குது, சரியா எழுதினது ஒண்ணும் ஞாபகம் இல்ல.

கணக்கு இடிச்சா கான் அகாடமி போங்க, ஏழாம் கிளாஸ் கணக்குக்குப் போக வெக்கப்படாதீங்க. ஃபைன்மன் லெக்சர்ஸ் மூணு வால்யூமும் கால்டெக் சைட்ல இலவசமா படிக்கலாம், ஆனா முதல் நாளே அங்க போய் விழுந்துடாதீங்க, அது ஆறு மாசம் கழிச்சு.

கேள்வி: வீடியோ பார்க்கும்போது கோடிங் எல்லாம் புரியுது, தனியா உக்காந்தா ஒரு வரி வரல. எந்த சைட்டுக்கு மாறலாம்?

மாற வேண்டியது சைட் இல்லங்க, வீடியோவை நிறுத்தணும். நானும் ஒரு முழு கோர்ஸ் பார்த்து முடிச்சு, காலி எடிட்டரை முறைச்சுக்கிட்டு உக்காந்தவன் தான். ஃப்ரீகோட்கேம்ப்ல பிரவுசர்லயே நீங்க டைப் பண்ணணும், தப்பா இருந்தா அடுத்த ஸ்டெப்புக்கு விடாது. கொஞ்சம் தைரியம் இருந்தா ஹார்வர்டோட சிஎஸ்50, முதல் வாரம் ஸ்கிராட்ச்ல (கோடு டைப் பண்ணாம பிளாக் அடுக்கியே புரோகிராம் எழுதறது) விளையாட விட்டு அடுத்த வாரமே சி மொழிக்குள்ள தள்ளிடுவாங்க, அதோட வீட்டுப்பாடம் தான் உண்மையான கோர்ஸே. வெப் கோடிங்ல சந்தேகம் பார்க்க மொசில்லாவோட எம்டிஎன் சைட்டை வச்சுக்கோங்க.

கேள்வி: டபிள்யூ3ஸ்கூல்ஸ் தானே வெப் ஸ்டாண்டர்ட் போடறவங்களோட சைட்?

இல்ல. பேர் ஒட்டுது, ஆனா ஸ்டாண்டர்ட் போடற அமைப்பான டபிள்யூ3சி-க்கும் அதுக்கும் சம்பந்தமே கிடையாது. சட்டுனு ஒரு ஹெச்டிஎம்எல் டேக் பார்க்க நல்லாத்தான் இருக்கு.

கேள்வி: "விஞ்ஞானிகள் அதிர்ச்சி கண்டுபிடிப்பு"ன்னு தினமும் ஒண்ணு வருது. எதை நம்பறது?

மூல பேப்பர் எங்கன்னு தேடுங்க. பிசிக்ஸ், கணக்கு, கம்ப்யூட்டர் சயின்ஸ்னா முக்கால்வாசி ஆர்க்கைவ்னு ஆராய்ச்சியாளர்களே பேப்பர் போடற சைட்ல கிடைக்கும் (ஏ ஆர் எக்ஸ் ஐ வி, 1991-ல இருந்து ஓடுது). அங்க போடறதுக்கு முன்னாடி லேசா ஒரு பார்வை பார்ப்பாங்களே தவிர மத்த நிபுணர்கள் சரிபார்த்தது கிடையாது, அதை மனசுல வச்சுக்கோங்க.

2011 செப்டம்பர் ஞாபகம் இருக்கா? நியூட்ரினோங்கற குட்டித் துகள் ஒளியை விட வேகமா போயிடுச்சு, ஐன்ஸ்டீன் காலின்னு ஒரே அமர்க்களம். ஜெனீவா பக்கத்துல இருக்கற செர்ன் ஆய்வுக்கூடத்துல இருந்து இத்தாலியோட கிரான் சாசோ ஆய்வுக்கூடம் வரைக்கும் சுமார் 730 கிலோமீட்டர், அதுல 60 நானோசெகண்ட் முன்னாடியே வந்துடுச்சுன்னு ஓபரா குழு ஆர்க்கைவ்ல பேப்பர் போட்டாங்க. அதைத் திறந்து கடைசி பத்தியைப் படிச்சவங்களுக்கு கதையே வேற, எங்க கண்ல படாத பிழை ஏதாவது இருக்கான்னு இன்னும் தேடறோம், இதுக்கு விளக்கம் எதுவும் சொல்ல வரலன்னு அவங்களே அடக்கமா எழுதியிருந்தாங்க. 2012-ல பார்த்தா முக்கிய காரணம் சரியா சொருகாத ஒரு ஃபைபர் ஆப்டிக் கேபிள்! பேப்பர் முழுசா புரியணும்னு இல்ல, சுருக்கத்தையும் கடைசி பத்தியையும் படிச்சாலே தலைப்புச் செய்தியோட பாதி காத்து இறங்கிடும். மருந்து, உடம்பு சம்பந்தப்பட்டதுன்னா எலிக்கா மனுஷனுக்கா, எத்தனை பேர்கிட்ட சோதிச்சாங்கன்னு மட்டும் பாருங்க.

கேள்வி: ஏஐ கிட்ட கேட்டாலே சொல்லிடுதே, சைட் எதுக்கு?

கேளுங்க, நானும் கேக்கறேன். ஆனா இல்லாத பேப்பருக்கு பேர், வருஷம் எல்லாம் போட்டு குடுத்துடும், போய் தேடினா ஒண்ணும் இருக்காது. அதுவும் போக, பல்பு கேள்விக்கு அது உடனே சரியான விடை சொல்லியிருக்கும், நான் மறந்தும் போயிருப்பேன்.

கேள்வி: எனக்கு நெட் எப்பவும் இருக்காது.

கிவிக்ஸ் போட்டுக்கோங்க, விக்கிபீடியாவையே இறக்கி வச்சு நெட் இல்லாம படிக்கலாம். படங்களோட முழு ஆங்கில விக்கிபீடியா 100 ஜிபி பக்கம் வரும், தமிழ் விக்கிபீடியா அதை விட ரொம்பச் சின்னது தான். ஃபெட் சிமுலேஷனையும் ஒவ்வொண்ணா இறக்கிக்கலாம்.

கேள்வி: பொண்ணுக்கு நட்சத்திரம்னா உயிர். என்ன காட்டலாம்?

முதல்ல ஸ்டெல்லேரியம், நீங்க நிக்கற இடத்துல இருந்து இப்போ வானத்துல என்ன தெரியும்னு காட்டும், ராத்திரி வெளிய கூட்டிட்டுப் போய் ஒப்பிட்டுப் பாருங்க. அப்புறம் ஸூனிவெர்ஸ், அங்க நிஜ ஆராய்ச்சிக்கான படங்களை யார் வேணா பிரிச்சுக் குடுக்கலாம். இது வளர்ந்தது கேலக்ஸி ஸூன்னு ஒரு முயற்சியில இருந்து, அதுல 2007-ல ஹன்னி வான் ஆர்கெல்னு ஒரு டச்சு ஸ்கூல் டீச்சர் விண்வெளியில யாருமே கவனிக்காத விசித்திரமான ஒரு வாயு மேகத்தைக் கண்டுபிடிச்சாங்க, இப்பவும் அது அவங்க பேர்ல தான் இருக்கு. நாசாவோட தினம் ஒரு வானியல் படம் பக்கம் 1995 ஜூன் 16-ல இருந்து ஓடுது, பழைய படங்கள்ல உங்க பொண்ணு பிறந்த தேதியைத் தேடி காட்டுங்க, அன்னிக்கு என்ன படம்னு.