மாடிச் செம்பருத்தி: வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

கேள்வி: நுனிக்கொழுந்தில் பஞ்சு மாதிரி வெள்ளையாக அப்பியிருக்கிறது. மருந்து அடித்தும் திரும்ப வருகிறது. செடியைப் பிடுங்கிவிடலாமா? (கொளத்தூர்)

பதில்: வேண்டாங்க, காப்பாற்றிவிடலாம். அது மாவுப்பூச்சி. முதலில் தண்டில் எறும்பு ஏறுகிறதா என்று பாருங்கள். மாவுப்பூச்சி கழிக்கும் இனிப்பு நீருக்காக எறும்பு அதற்குக் காவல் இருக்கும், மாவுப்பூச்சியைத் தின்ன வரும் பொறிவண்டைக்கூட அண்டவிடாது. எறும்பைத் தடுக்காமல் எதை அடித்தாலும் பத்து நாளில் பழைய கதைதான். தண்டைச் சுற்றி டேப் ஒட்டி, அதன்மேல் வாசலின் தடவுங்கள். சுவரில் உரசும் கிளைகளை வெட்டிவிடுங்கள், அதுவும் எறும்புக்கு வழி.

அப்புறம், அப்பிய நுனிகளை வெட்டிப் பையில் கட்டி அப்புறப்படுத்துங்கள், உரக்குழியில் போடாதீர்கள். மீதிச் செடியைத் தண்ணீர் பீய்ச்சிக் கழுவுங்கள். ஒரு லிட்டர் தண்ணீருக்கு 5 மில்லி வேப்பெண்ணெய், சில சொட்டு சோப்புக் கரைசல் கலந்து, வெயில் தாழ்ந்ததும் இலையின் அடிப்புறம் நனையத் தெளியுங்கள். வாரம் ஒரு முறை, மூன்று வாரம்.

கடும் பூச்சிக்கொல்லி மட்டும் வேண்டவே வேண்டாம். 2008-ல் பப்பாளி மாவுப்பூச்சி தமிழ்நாட்டுக்குள் வந்தபோது செம்பருத்தியையும் விட்டுவைக்கவில்லை. அதை அடக்கியது 2010-ல் வெளிநாட்டிலிருந்து வரவழைத்து விட்ட, கண்ணுக்கே சரியாகத் தெரியாத ஓர் ஒட்டுண்ணிக் குளவி (மாவுப்பூச்சிக்குள் முட்டையிட்டு அதைக் கொல்வது). நம் மருந்தில் முதலில் சாவது அந்த மாதிரி நல்ல பூச்சிகள்தான்.

கேள்வி: மே மாதம் முழுக்க மொட்டு உதிர்ந்தது. என்ன உரம் போடலாம்? (வேளச்சேரி)

பதில்: உரத்தை விடுங்கள், தண்ணீரைக் கவனியுங்கள். கத்திரி வெயிலில் மொட்டைமாடித் தொட்டி மதியத்துக்குள் காய்ந்துவிடும். காய்ந்து நனைந்து மாறிக்கொண்டே இருந்தால் மொட்டு நிற்காது. காலை, மாலை இரு வேளையும் ஊற்றி, மண்மேல் தேங்காய் நார் பரப்புங்கள். அதன் பிறகும் உதிர்ந்தால் ஒரு மொட்டைப் பிரித்துப் பாருங்கள். உள்ளே மெல்லிய பூச்சி ஓடினால் இலைப்பேன். உதிர்ந்ததையெல்லாம் பொறுக்கி அகற்றி, மேலே சொன்ன வேப்பெண்ணெயைத் தெளியுங்கள்.

கேள்வி: கொழுந்து இலை மஞ்சள், நரம்பு மட்டும் பச்சை. ஏன்? (மடிப்பாக்கம்)

பதில்: இரும்புச் சத்துக் குறை. போர் தண்ணீரின் உப்பும் காரத்தன்மையும் அதிகமானால் மண்ணில் இரும்பு இருந்தும் வேர் எடுக்காது. மழைநீர் பிடித்து ஊற்றுங்கள். நர்சரியில் இரும்புச் செலேட் (வேர் எளிதில் எடுக்கும் வடிவில் உள்ள இரும்பு) கேட்டு, பொட்டலத்தில் போட்ட அளவுக்கு மேல் போகாமல் கொடுங்கள்.

கேள்வி: கவாத்து எப்போது? (அம்பத்தூர்)

பதில்: வடகிழக்குப் பருவமழை ஓய்ந்தபின், தை மாதம். உயரத்தில் மூன்றில் ஒரு பங்கு வெட்டலாம், தயங்காதீர்கள். புதுத் துளிரில்தான் பூக்கும்.

கேள்வி: காலை பூஜைக்குப் பறிக்க நேரமில்லை. (மயிலாப்பூர்)

பதில்: மறுநாள் மலரவிருக்கும் பெரிய மொட்டுகளை முந்தின சாயங்காலமே பறித்து வையுங்கள். காலையில் தானே விரிந்திருக்கும்.