வேறு பண்பாட்டிலிருந்து வருபவருடன் பணியாற்ற, பயிற்சியிலுள்ள உளவள ஆலோசகர் எப்படித் தயாராவது?

எந்தச் சமூகத்தைப் பற்றி எவ்வளவு படித்தால் போதும் என்று கேட்டிருக்கிறீர்கள். படிப்பது அவசியம்தான், ஆனால் இத்திறன் பெரும்பாலும் உங்கள் அளவுகோல்களை நீங்களே சோதித்துப் பார்ப்பதில்தான் வளர்கிறது என்பது, பயிற்சி பெறும் ஆலோசகர்களின் அமர்வுக் குறிப்புகளைத் தொடர்ந்து பார்த்துவரும் என் கருத்து. 1992இல் டெரால்ட் விங் சூ, பேட்ரிசியா அரெடோண்டோ, ரோட்ரிக் மெக்டேவிஸ் ஆகிய அமெரிக்க ஆலோசனைத் துறை அறிஞர்கள் இத்துறைக்கு வகுத்த திறன்களின் பட்டியலும், ஆலோசகர் தம்முடைய முன்முடிவுகளை அறிவதிலிருந்தே தொடங்குகிறது. எதிரில் இருப்பவரின் உலகப் பார்வையைப் புரிந்துகொள்வதும் அவருக்கு ஏற்ற வழிமுறைகளை வகுப்பதும் அதற்குப் பின்னரே வருகின்றன.

ஓர் உதாரணம் சொல்கிறேன். வேலையை விடுவதா என்று குழம்பும் ஒருவர், "வீட்டில் பேசிவிட்டுச் சொல்கிறேன்" என்கிறார். பயிற்சியிலுள்ள ஆலோசகர் தம் குறிப்பில் "சுயமாக முடிவெடுக்கும் திறன் குறைவு" என்று எழுதுகிறார். கலந்து முடிவெடுப்பதையே பொறுப்புணர்வாகக் கருதும் குடும்பத்தில் அவர் வளர்ந்திருக்கலாம். அல்லது உண்மையிலேயே வீட்டாருக்கு அஞ்சி வாழ்பவராக இருக்கலாம். இவ்விரண்டில் எது என்பதை அவருடைய இனத்தையோ மதத்தையோ பற்றிப் படித்து அறிய முடியாது, அவரிடம்தான் கேட்க வேண்டும்: "வீட்டில் யாரிடம் பேசுவீர்கள்? அவர்கள் வேண்டாம் என்றால் என்ன ஆகும்?"

கேட்பதற்கும் பயிற்சி தேவை. மனநலக் கோளாறுகளைக் கண்டறிவதற்காக அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் 2013இல் வெளியிட்ட டிஎஸ்எம்-5 கையேட்டில் பண்பாட்டுப் பின்னணியை அறிவதற்கென 16 கேள்விகள் கொண்ட ஒரு நேர்காணல் முறை இருக்கிறது. உங்கள் பிரச்சினையைக் குடும்பத்தாரிடமோ நண்பர்களிடமோ எப்படி விவரிப்பீர்கள் என்பது அதிலுள்ள ஒரு கேள்வி. நோயின் பெயரை ஒதுக்கிவிட்டு அவருடைய சொற்களிலேயே பேச்சைத் தொடங்க அது இடமளிக்கிறது. இதைச் சக மாணவருடன் சில முறை பேசிப் பழகுங்கள், ஏனெனில் வரிசையாகப் படித்துக் கேட்டால் விசாரணை போல் ஆகிவிடும். உங்கள் இருவருக்கும் இடையிலான வேறுபாட்டை நீங்களே முதலில் எடுத்துப் பேசுவதும் நல்லது. எனினும் "நான் தவறாகப் புரிந்துகொண்டால் சொல்லுங்கள்" என்பதோடு விட்டுவிட்டால், மரியாதை கருதிப் பலர் சொல்லவே மாட்டார்கள், "சற்று முன் நான் சொன்னது உங்கள் நிலைமைக்குப் பொருந்துகிறதா?" என்று குறிப்பாகக் கேட்டால் பதில் கிடைக்கும். அதற்காக அவருடைய சமூகத்தின் வரலாற்றையே அவரிடம் பாடம் கேட்கத் தொடங்கிவிடாதீர்கள். அமர்வு நேரம் அவருக்குரியது, உங்கள் படிப்புக்குரியது அன்று.

மேற்பார்வையாளரிடம் போகும்போது, நன்றாக அமைந்த அமர்வின் ஒலிப்பதிவைவிட, எதிரில் இருந்தவர் எல்லாவற்றிற்கும் "சரி" என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்த அமர்வின் பதிவை, அவருடைய ஒப்புதலோடு எடுத்துச் செல்லுங்கள். மொழிபெயர்ப்பாளர் தேவைப்பட்டால் பயிற்சி பெற்றவரையே ஏற்பாடு செய்ய வேண்டும். பெற்றோர் தம் துயரத்தைப் பிள்ளையின் வாயால் சொல்ல நேர்வது இருவருக்கும் சுமை. மொழிபெயர்ப்பாளர் உடனிருக்கும்போதும் உங்கள் கண்ணும் பேச்சும் ஆலோசனைக்கு வந்தவரை நோக்கியே இருக்கட்டும்.