பல ஓப்பன் சோர்ஸ் ரெப்போக்களுக்கு ஒரே டெஸ்ட் வொர்க்ஃப்ளோவை வைத்துக்கொள்ள முடியுமா?

முடியும். நானே ஏழு ரெப்போக்களுக்கு அப்படித்தான் வைத்திருக்கிறேன். எல்லாம் சின்னச் சின்ன பைதான் லைப்ரரிகள். கிட்ஹப் ஆக்‌ஷன்ஸில் (கோடு மாறும்போது டெஸ்டைத் தானாக ஓட்டும் கிட்ஹப் வசதி) டெஸ்ட் ஓடுபவை.

முன்பு டெஸ்டை எப்படி ஓட்டுவது என்று சொல்லும் யாமல் ஃபைலை (அதுதான் வொர்க்ஃப்ளோ) ஒன்றில் எழுதி மற்ற ஆறிலும் ஒட்டியிருந்தேன். ஒருநாள் பைதான் 3.10-ஐ பட்டியலில் சேர்த்ததும் பில்ட் விழுந்தது. லாகைப் பார்த்தால், பைதான் 3.1 கிடைக்கவில்லையாம்! மேற்கோள் குறி போடாவிட்டால் யாமல் அதை எண்ணாக எடுத்துக்கொண்டு கடைசிச் சுழியை விழுங்கிவிடும். இரண்டு குறி போடும் வேலைக்கு ஏழு புல் ரிக்வெஸ்ட். அதிலும் ஒரு ரெப்போவை மறந்துவிட்டேன்.

அப்புறம்தான் ரீயூசபிள் வொர்க்ஃப்ளோவுக்கு மாறினேன். 2021 நவம்பரிலேயே எல்லோருக்கும் வந்துவிட்ட வசதி அது. பொது ரெப்போ ஒன்றில் டெஸ்ட் ஃபைலை வைத்து, அது எப்போது ஓட வேண்டும் என்ற இடத்தில் ‘வொர்க்ஃப்ளோ_கால்’ என்று எழுத வேண்டும். மற்ற ரெப்போக்களில் அதை அழைக்கும் பத்துப் பதினைந்து வரி போதும். பைதான் பதிப்புகளை இன்புட்டாக அனுப்பலாம். இன்புட்டில் பட்டியல் வகை கிடையாது என்பதால் ஜேசான் ஸ்ட்ரிங்காக அனுப்பி, உள்ளே ‘ஃப்ரம்ஜேசான்’ போட்டு, ஒவ்வொரு பதிப்புக்கும் தனித்தனியாக ஓடும் மேட்ரிக்ஸாக்க வேண்டும். அழகாக இருக்காது, ஆனால் ஓடும்.

சீக்ரெட்கள் (பாஸ்வேர்டு, டோக்கன் போன்றவை) தானாகப் போய்ச் சேராது. நீங்கள்தான் அனுப்ப வேண்டும். செக்அவுட் செய்தால் (அதாவது கோடை இறக்கினால்) வருவது அழைத்த ரெப்போதான். அதனால் பொது ரெப்போவில் ஏதாவது ஸ்கிரிப்ட் வைத்திருந்தால் அதைத் தனியாக இன்னொரு முறை செக்அவுட் செய்ய வேண்டும்.

என்னை அதிகம் படுத்தியது வேறொன்று. மாறிய பிறகு எல்லா டெஸ்டும் பச்சை, ஆனாலும் புல் ரிக்வெஸ்ட்டை மெர்ஜ் செய்ய முடியவில்லை. அரை நாள் போனது. ‘டெஸ்ட்’ என்றிருந்த செக்கின் பெயர், அழைக்கும் ஜாபின் பெயரும் முன்னால் சேர்ந்து ‘சிஐ / டெஸ்ட்’ ஆகியிருந்தது. மெர்ஜுக்கு முன் எந்த செக் தேற வேண்டும் என்று சொல்லும் பிராஞ்ச் பாதுகாப்பு விதியோ பழைய பெயருக்காகவே காத்துக்கிடந்தது. ஏழு ரெப்போவிலும் செட்டிங்ஸுக்குப் போய்ப் பெயரை மாற்றினேன்.

எந்தப் பதிப்பை அழைப்பது? மெயின் பிராஞ்சை மட்டும் வேண்டாம். நான் அப்படித்தான் தொடங்கினேன். ஒரு சனிக்கிழமை இரவு பொது ஃபைலில் ஒரு இண்டென்ட் தவறியதும் அடுத்தடுத்து ஏழும் சிவப்பு. இப்போது ஒரு கமிட்டுக்கு வி1 என்று டேக் (பெயர்ச்சீட்டு) போட்டு, முதலில் ஒரே ஒரு ரெப்போவில் ஓட்டிப் பார்த்த பிறகே டேக்கை நகர்த்துகிறேன்.

டேக்கை இப்படி நகர்த்த முடிகிறது என்பதே அடுத்தவர் எழுதி, நாம் வொர்க்ஃப்ளோவில் சேர்த்துக்கொள்ளும் ஆக்‌ஷன்களில் ஆபத்து. 2025 மார்ச்சில் ‘டிஜே-ஆக்‌ஷன்ஸ்/சேஞ்ச்டு-ஃபைல்ஸ்’ ஆக்‌ஷனுக்குள் புகுந்தவர்கள், அதன் பழைய டேக்குகளையே தீய கமிட் ஒன்றுக்குத் திருப்பிவிட்டார்கள். அதைப் பயன்படுத்தி வந்தவை 23,000-க்கும் மேற்பட்ட ரெப்போக்கள். ஓடிய இடங்களில் சீக்ரெட்கள் பில்ட் லாகிலேயே அச்சாயின. எல்லோருக்கும் திறந்திருக்கும் ரெப்போ என்றால் அந்த லாகை யாரும் படிக்கலாம். ஆகவே வெளி ஆக்‌ஷன் எதுவானாலும் டேக்குக்குப் பதில் நகர்த்த முடியாத 40 எழுத்து கமிட் ஹேஷைப் போடுங்கள். அதைப் புதுப்பிக்க கிட்ஹப்பின் டிபென்டபாட் கருவி இருக்கிறது. பொது ஃபைல் ஒன்றே என்பதால் இந்த வேலையும் ஒரே இடத்தில் முடிந்துவிடும்.

சி எக்ஸ்டென்ஷன் (சி மொழியில் எழுதிய பகுதி) உள்ள எட்டாவது ரெப்போ ஒன்றும் எனக்கு உண்டு. அதை இதில் சேர்க்கப் பார்த்தேன்; அதற்காக மட்டும் ஆறு இன்புட் தேவைப்பட்டது. சரி என்று அதைத் தனி ஃபைலோடு விட்டுவிட்டேன்.