இழுப்பு மருந்தைச் சரியாகப் பாவிப்பது எப்படி? மலையக வாசகர்களுக்குப் பதில்கள்

நெஞ்சு நோய் கிளினிக்கில் வேலை செய்யும் தாதி ஒருவர் ஆஸ்துமா பற்றிய கேள்விகளுக்குப் பதில் சொல்கிறார்.

பொகவந்தலாவை, ஒரு தாய்: மிஸ், மகனுக்கு ஏழு வயது. நீலப் பம்ப் அடித்தால் உடனே சரியாகிறது. மண்ணிறப் பம்பைச் சுகமாக இருக்கும்போதும் அடிக்கச் சொல்கிறார்கள். பழகிப் போகாதா?

பழகாது அம்மா. ஆஸ்துமா உள்ளவரின் மூச்சுக்குழாய், இழுப்பு இல்லாத நாளிலும் உள்ளுக்குள் வீங்கித்தான் இருக்கும். அதன்மேல் குளிரோ புகையோ தடிமனோ பட்டால் சுற்றியுள்ள தசை இறுகும், சளி சேரும், வழி அடைபடும். நீலத்தில் இருக்கும் சல்பியூட்டமோல் தசையை மட்டும் தளர்த்தும். நாலு முதல் ஆறு மணித்தியாலத்தில் அதன் வேலை முடிந்துவிடும். வீக்கத்தை ஆற்றுவது மண்ணிறத்தில் உள்ள பெக்லோமெதசோன். அடித்தவுடன் எதுவும் தெரியாது. ஓரிரு வாரத்தில் இராத்திரி இருமல் குறையும், முழுப் பலனுக்கு மூன்று மாதம்கூட ஆகலாம். இதைச் சொல்லிக்கொடுக்காததால்தான் பலர் பாதியில் விட்டுவிடுகிறார்கள். அடித்த பிறகு பிள்ளையை வாய் கொப்பளித்துத் துப்ப வையுங்கள், இல்லாவிட்டால் நாக்கில் வெள்ளை படியும். நீலம் வாரத்தில் இரண்டு நாளுக்கு மேல் தேவைப்பட்டால், அடுத்த கிளினிக் திகதிவரை பார்த்துக்கொண்டிருக்காதீர்கள்.

நுவரெலியா: எனக்குத் தூள் கெப்சியூலும் அதைப் போட்டு இழுக்கும் கருவியும் தந்தார்கள். இழுத்தும் சுகமில்லை.

முதலில் ஒன்று: அது விழுங்கும் மருந்தல்ல. விழுங்குகிறவர்கள் உண்மையிலேயே இருக்கிறார்கள்.

உங்கள் ஊரில் பெரும்பாலும் ஈரம்தான் காரணம். நுவரெலியாக் குளிரில் திறந்து வைத்த கெப்சியூலின் தூள் கட்டிபட்டுவிடும். பாவிக்கும் நேரத்தில் மட்டும் உறையிலிருந்து எடுங்கள், ஈரக் கையால் தொடாதீர்கள். கருவியைக் கழுவினால் முழுதாகக் காய்ந்த பிறகே கெப்சியூலைப் போடவேண்டும். போட்டுத் திருகி, முகத்தைத் திருப்பி மூச்சை வெளியே விடுங்கள். கருவிக்குள் ஊதினால் உங்கள் மூச்சின் ஈரமே தூளை ஒட்டவைக்கும். பிறகு உதட்டால் இறுகக் கவ்வி, ஒரே மூச்சில் வேகமாகவும் ஆழமாகவும் இழுத்துப் பத்து வினாடி அடக்குங்கள். பம்பை மெதுவாக இழுக்கவேண்டும், தூளை வேகமாக. இந்த இரண்டையும் மாற்றிச் செய்தால் மருந்து தொண்டையோடு நின்றுவிடும். கடைசியில் திறந்து பாருங்கள், தூள் மிச்சமிருந்தால் இன்னொரு தடவை இழுங்கள்.

ஹட்டன்: பிள்ளைக்கு ஸ்பேசர் (பம்புக்கும் வாய்க்கும் நடுவில் வைக்கும் குழாய்) வாங்க வசதியில்லை.

500 மில்லிலீற்றர் தண்ணீர்ப் போத்தல் போதும். பம்பின் வாயைப் போத்தலின் அடிப்பக்கத்தில் வைத்துக் கோடு கீறி, சூடாக்கிய கம்பியால் அந்த அளவுக்கே துளையிடுங்கள். பம்ப் இறுக்கமாகப் பொருந்தவேண்டும், காற்றுப் போகக் கூடாது. சவர்க்காரத் தண்ணீரில் கழுவித் துடைக்காமல் காயவையுங்கள். துடைத்தால் பிளாஸ்ரிக்கில் மின்னேற்றம் உண்டாகி மருந்தை இழுத்துக்கொள்ளும். பம்பைக் குலுக்கி ஒரு அடி, பிள்ளை போத்தல் வாயில் ஐந்தாறு மூச்சு. இரண்டாவது அடிக்கு மறுபடியும் குலுக்கவேண்டும். இரண்டு அடியைச் சேர்த்து அடிக்காதீர்கள்.

தலவாக்கலை, ஒரு தொழிலாளி: பெக்டரியில் தூள் சலிக்கிற பக்கம் வேலை. ஞாயிற்றுக்கிழமை நல்லா இருக்கேன், திங்கள் சாயந்தரம் நெஞ்சு அடைக்குது.

அண்ணே, நீங்கள் சொன்ன அந்த நாள் கணக்கே பெரிய தடயம், அதை டொக்டரிடம் அப்படியே சொல்லுங்கள். தேயிலைத் தூசியால் வரும் ஆஸ்துமாவைப் பற்றி இலங்கை மருத்துவர் சி. ஜி. உரகொட 1970இலேயே மருத்துவ இதழில் எழுதியிருக்கிறார். இரண்டு வாரத்துக்கு எந்த நாள் வேலை, எப்போது இழுப்பு, எத்தனை அடி என்று ஒரு கொப்பியில் குறியுங்கள். துணியை மூக்கில் கட்டினால் நுண்தூசி நிற்காது, முகத்தோடு ஒட்டும் என்95 முகக்கவசம் வேண்டும். ஆனாலும் இதற்கு உண்மையான வைத்தியம் சலிப்பிலிருந்து வேறு வேலைக்கு மாறுவது. தள்ளிப்போட்டால் பிறகு தூசியை விட்டாலும் இழுப்பு விடாமல் போகலாம். டொக்டரின் கடிதத்தோடு தோட்டத்து மனேஜர் துரையிடம் கேளுங்கள், தனியாகப் போகாமல் தொழிற்சங்கத் தலைவரையும் கூட்டிப் போங்கள்.

மஸ்கெலியா: லயத்துக் காம்பராவில் (தோட்ட வரிசை வீட்டு அறையில்) அடுப்பும் உள்ளே, படுக்கையும் உள்ளே. என்ன செய்ய?

ஈர மிலாறு, அதாவது தேயிலைச் செடியில் வெட்டிய பச்சைக் கிளை, எரிப்பதை முதலில் நிறுத்துங்கள். கவ்வாத்து மிலாறு காய்வதற்கு முன் அடுப்புக்குப் போனால் புகைதான் அதிகம். மழைபடாத இடத்தில் அடுக்கிக் காயவையுங்கள். மூட்டும்போதுதான் புகை கூடுதல், அந்நேரம் கதவைத் திறந்து பிள்ளையை வெளியே இஸ்தோப்பில் (திண்ணையில்) இருத்துங்கள். காஸ் அடுப்பு ஒன்று இருந்தால் காலைத் தேத்தண்ணிக்காவது அதைப் பாவியுங்கள்.

பண்டாரவளை: கர்ப்பமாக இருக்கிறேன், பம்பை நிறுத்தவா?

நிறுத்தாதீர்கள் தங்கச்சி. தாய்க்கு மூச்சு முட்டினால் வயிற்றுப் பிள்ளைக்கும் ஒட்சிசன் குறையும். மருந்தை விட அதுதான் ஆபத்து.

நோர்வூட்: இராத்திரி இழுப்பு கூடினால்? ஆஸ்பத்திரி தூரம்.

படுக்கவைக்காமல் நிமிர்த்தி உட்காரவையுங்கள். நீலப் பம்பை ஸ்பேசரில் ஒவ்வொரு அடியாக நாலு அடி. நாலு நிமிடம் பாருங்கள். தெளியாவிட்டால் இன்னும் நாலு அடி, அதோடு 1990க்கு அழையுங்கள். சுவசெரிய அம்புலன்ஸ் இலவசம். அது வரும்வரை இப்படியே தொடருங்கள். ஒரு வசனத்தை முழுதாகப் பேச முடியாமல் திணறினாலோ, விலா இடுக்கு உள்வாங்கினாலோ, உதடு நீலம் பாய்ந்தாலோ நாலு நிமிடம்கூடக் காத்திருக்க வேண்டாம், முதலிலேயே அழையுங்கள். விசில் சத்தம் திடீரென்று நின்றும் பிள்ளை சோர்ந்திருந்தால் அதைச் சுகம் என்று நினைக்காதீர்கள், காற்றே போகவில்லை என்று அர்த்தம். மண் ரோட்டு லயம் என்றால் ஒருவரை டோர்ச்சோடு பெரிய ரோட்டுக்கு அனுப்பி வையுங்கள், வண்டி வழி தேடி நிற்காது.