மகளை மட்டும் நிறுத்தினீர்களே!

கேள்வி: கப்பலூரில் என் தங்கை கணவர் நடத்தும் தையல் கம்பெனியில் நானும் பங்குதாரர். 20 லட்சம் போட்டிருக்கிறேன். வேலை பார்க்கும் நாற்பது பேரில் முக்கால்வாசி பெண்கள். மாப்பிள்ளையின் தம்பிதான் மேனேஜர். அவர் தப்பாக நடந்துகொண்டதாக செக்கிங்கில் இருக்கும் ஒரு பெண் ஆடி மாதம் எழுதிக் கொடுத்தாள். அவளைக் குடோனுக்கு மாற்றிவிட்டார்கள். அதே கம்பெனியில் கணக்கு பழகிக்கொண்டிருந்த என் மகளைச் சித்திரைத் திருவிழா சமயத்திலேயே நான் நிறுத்திவிட்டேன். உறவு கெடாமல் பணத்தை எப்படி வெளியே எடுப்பது? - வாசகர், திருமங்கலம்

பதில்: மகளை ஏன் நிறுத்தினீர்கள்? அதை முதலில் சொல்லுங்கள். புகார் வந்தது ஆடியில். நீங்கள் மகளை நிறுத்தியது சித்திரையில். அந்த ஆள் எப்படிப்பட்டவர் என்று உங்களுக்கு அப்போதே தெரியும். வெயில், காலேஜ் என்று தங்கையிடம் ஏதோ சாக்குச் சொல்லியிருப்பீர்கள். உங்கள் பிள்ளைக்கு ஆகாத இடம் ஊரார் பிள்ளைக்கு மட்டும் எப்படி ஆகும்? அன்றைக்கே வாய் திறந்திருந்தால் இந்தப் பெண் தப்பித்திருப்பாள். லாபம் பிரிக்கும்போது பங்குதாரர், புகார் வந்ததும் வெளியாளா?

பணத்தை எடுத்துவிட்டால் மேனேஜர் அதே நாற்காலியில்தான் இருப்பார். தட்டிக் கேட்கக்கூடிய ஒரே ஆளும் கிளம்பிவிட்டால் அவருக்கு நிம்மதி. பணம் போட்டவர் பேச்சுக்கு எடை உண்டு. ஊபர் கம்பெனியில் பாலியல் தொந்தரவுப் புகாரும் வேறு பல கோளாறுகளும் வெளிவந்த 2017-ல், பெரிய முதலீட்டாளர்கள் ஐவர் சேர்ந்து கேட்டதும் தலைவர் பதவி விலகினார். அவர் அதைத் தொடங்கியவர்களில் ஒருவர்.

பத்துப் பேர் வேலை பார்த்தாலே 2013-ஆம் ஆண்டுப் பணியிடப் பாலியல் தொந்தரவுத் தடுப்புச் சட்டப்படி புகார்க் குழு வேண்டும். ஒரு பெண் தலைமையில், பாதிக்குக் குறையாமல் பெண்களோடு, வெளியாள் ஒருவரும் இருக்க வேண்டும். இல்லையென்றால் 50,000 ரூபாய் வரை அபராதம். அவள் கேட்காமல் குடோனுக்கு மாற்றியது, புகார் கொடுத்ததற்குத் தண்டனை. வேறென்ன?

தங்கை கலங்குவாளே என்கிறீர்களா? அவள் பிள்ளைகளை மடியில் வைத்துக் காது குத்திய தாய்மாமன் நீங்கள். சபையில் முதல் மரியாதை வாங்குகிறவருக்குக் கேட்கிற கடமையும் உண்டு. அண்ணன் கேட்காமல் வேறு யார் கேட்பது?

இந்த வாரமே போங்கள். அந்தப் பெண் செக்கிங்குக்குத் திரும்ப வேண்டும், விசாரணை முடியும்வரை தம்பி கம்பெனிப் பக்கம் வரக்கூடாது, குழு அமைக்க வேண்டும் என்று எழுதிக் கொடுத்து, நகலில் மாப்பிள்ளையிடம் கையெழுத்து வாங்குங்கள். மறுத்தால், மாவட்ட உள்ளூர்ப் புகார்க் குழு இருக்கிறது. சம்பவம் நடந்து மூன்று மாதத்துக்குள் அந்தப் பெண் அங்கே எழுதிக் கொடுக்க வேண்டும், அதனால் நாளைக் கடத்தாதீர்கள். அவள் போகிறேன் என்றால் அந்த நகலோடு நீங்களும் கூடப் போங்கள்.